சேஜ்பிரஷ் நிலத்தில் முதல் குழி: மண்ணைப் படித்துப் பெயர் சொல்வது எப்படி

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், வின்னமக்கா நகரிலிருந்து வடக்கே ஓரிகன் எல்லையை நோக்கிப் போகும் சாலையில் ஒரோவாடா என்று ஒரு சின்ன ஊர் வரும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை சாம்பல் பச்சை நிறத்தில் புதர்கள், அதற்கு அப்பால் மொட்டை மலைகள். இந்தப் புதர்தான் சேஜ்பிரஷ். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கிப் பாருங்கள். வாசனை எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். காரணம் இருக்கிறது: நம் ஊர்ப் பூக்கடைகளில் கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இதுவும் ஒரே பேரினம், ஆர்ட்டிமீசியா. பெயரில் சேஜ் என்று இருந்தாலும் சமையலில் போடும் சேஜ் இலைக்கும் இதற்கும் உறவில்லை.

அந்த ஊரின் பெயரில் ஒரு மண் தொடர், அதாவது ஒரே மாதிரியான மண்களுக்கு வைத்த பொதுப் பெயர், இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருகூர்த் தொடர், பீளமேட்டுத் தொடர் என்று ஊர்ப் பெயரால் மண்ணை அழைப்பதைப் போலத்தான் இதுவும். ஒரோவாடா மண் நெவாடாவின் மாநில மண். அதன் முழுப் பெயர் இது: கோர்ஸ்-லோமி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், மெசிக் ட்யூரினோடிக் செரிக் ஹாப்லோகாம்பிட்ஸ். முதல் தடவை கேட்டால் மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு குழியைத் தோண்டி, கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, கொஞ்சம் கணக்குப் போட்டு நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

வேளாண்மை படித்துவிட்டு மேற்படிப்புக்கோ மண் அளவைப் பணிக்கோ இந்தப் பக்கம் வந்து, "போய் ஒரு குழி தோண்டி வகைப்படுத்திக் கொண்டு வா" என்று அனுப்பப்படும் நம் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். செம்மண்ணும் கரிசலும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மண் முதலில் வெறும் புழுதியாகத்தான் தெரியும். அப்படி நினைத்துவிட்டால் பாதி விஷயம் கைவிட்டுப் போய்விடும்.

மண்வெட்டியைத் தொடும் முன்

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். நெவாடாவில் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம். அதை நிர்வகிக்கும் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். பழங்குடி மக்களின் பழைய வாழிடங்கள் மண்ணுக்கடியில் இருக்கலாம் என்பதால் இது வெறும் சம்பிரதாயம் கிடையாது. அப்புறம் 811 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லிவிட்டால், புதைத்திருக்கும் குழாய்களும் கம்பிகளும் எங்கே போகின்றன என்று வந்து குறித்துக் கொடுப்பார்கள்.

வீட்டில் இருக்கும்போதே, அந்த இடத்துக்கு ஏற்கெனவே வரைந்த மண் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் வெப் சாயில் சர்வே தளத்தில் கிடைக்கும். செல்பேசியில் சாயில்வெப் செயலி வைத்துக்கொண்டால், நிற்கிற இடத்தின் மண் தொடர் என்னவென்று அங்கேயே காட்டும். ஆனால் வரைபடத்தின் ஒரு துண்டுக்குள் இரண்டு மூன்று தொடர்கள் கலந்து கிடக்கும். அதனால் வரைபடம் சொல்லும் பெயரை ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, குழியைத் திறந்த மனத்தோடு படியுங்கள். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அதில் சொன்னதையே குழியில் தேடிக் கண்டுபிடிப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

பழைய அறிக்கைகள் கையில் கிடைத்தால் அதில் சியரோசெம் என்ற பெயர் வரும். 1938-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இந்த வறண்ட புதர்நிலத்து மண்களில் பலவற்றுக்கு அதுதான் பெயர். இன்று நாம் பயன்படுத்தும் சாயில் டாக்ஸானமி என்ற அமெரிக்க வகைப்பாட்டு முறை 1975-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1999-இல். அதில் இவை பெரும்பாலும் ஆரிடிசால் என்ற வறண்ட நிலத்து மண் வரிசைக்குள் வரும்.

எடுத்துப் போக வேண்டியவை: மண்வெட்டி, கடப்பாரை, நுனி மழுங்கிய கத்தி, அளவு நாடா, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மண்ணின் நிறத்தை ஒப்பிட்டு எண் சொல்ல உதவும் மன்செல் நிறப் புத்தகம், நீர் தெளிக்கும் புட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட சொட்டுப் புட்டி, இரண்டு தார்ப்பாய், நிறையக் குடிநீர். அமிலத்தை நீங்களே நீர்க்கச் செய்வதானால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யக் கூடாது. காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். புகைக்குழாயின் சூடே தீப்பிடிக்கப் போதும், இந்த நிலத்துக்குத் தீயைவிடப் பெரிய பகை இல்லை. கற்களுக்கடியில் கையை விடும் முன் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ போங்கள். பனி உருகிய ஈரம் அப்போது உள்ளே இருக்கும், மண்வெட்டி இறங்கும். ஆகஸ்டில் அதே மண் செங்கல்லாகிவிடும்.

குழியை எங்கே போடுவது

நான் போட்ட முதல் குழியை இரண்டு புதர்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தில் போட்டேன். வேர் இடைஞ்சல் இல்லாமல் தோண்ட வசதியாக இருந்தது. குறிப்பெல்லாம் எழுதி முடித்து, மேல்மண்ணில் கரிமப் பொருள் மிகக் குறைவு என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். மூத்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "புதருக்கு அடியில் பார்த்தாயா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மறுபடியும் தோண்டினேன். இரண்டு மீட்டர் தள்ளி வேறு ஒரு மண் மாதிரியே இருந்தது.

சேஜ்பிரஷ் நிலத்தில் இதுதான் அடிப்படை. புதருக்கு அடியில் இலை உதிர்ந்து மட்கி, காற்றில் வரும் நுண்மண் தேங்கி, மண் சற்றே கருத்து, பொலபொலவென்று இருக்கும். கரிமமும் நைட்ரஜனும் அங்கே கூடுதல். இடைவெளியில் மண் வெளிறி, மேலே ஓடு கட்டி, இறுகிக் கிடக்கும். புதர்கள் ஒவ்வொன்றும் ஒரு சத்துத் தீவு. வகைப்பாட்டில் ஒரு மண்ணின் அடிப்படை அலகான பெடான் என்பது 1 முதல் 10 சதுர மீட்டர் பரப்புள்ளது, அதனால் இரண்டு முகங்களும் அதற்குள்தான் அடங்கும். குழியை ஒரு புதரின் ஓரத்தில் தொடங்கி இடைவெளிக்குள் நீளும்படி வெட்டுங்கள். ஒரே சுவரில் இரண்டும் தெரியும்.

சுவர் எந்தப் பக்கம் நன்றாக வெயில் படுகிறதோ அந்தப் பக்கம் இருக்கட்டும். அந்தச் சுவரின் தலைப்பில் யாரும் மிதிக்கக் கூடாது, மண்ணைக் கொட்டவும் கூடாது. மேல்மண்ணை ஒரு தார்ப்பாயிலும் அடிமண்ணை மற்றொன்றிலும் கொட்டுங்கள். ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். ஆரிடிசால்களைப் பிரிக்கும் முக்கியமான அடுக்குகளை மேல் 100 செ.மீ.க்குள்தான் தேடுகிறோம். ஒன்றரை மீட்டருக்குக் கீழே இறங்குவதானால் சுவர் சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

தோண்டும் முன் சுற்றிலும் ஒரு பார்வை பாருங்கள். நிலம் எப்படி அமைந்திருக்கிறது? மலை வாயிலிலிருந்து விரிந்து இறங்கும் வண்டல் விசிறியா, பழைய ஏரிப்படுகையா, எரிமலைப் பாறை மேட்டு நிலமா? வடமேற்கு நெவாடாவின் பள்ளத்தாக்குகள் பலவற்றைப் பனியுகத்தின் இறுதியில் லஹோன்டன் என்ற பெரிய ஏரி மூடியிருந்தது. அந்த ஏரியின் பழைய கரைக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு வயது குறைவு. கரைக்கு மேலே, நீர் தொடாத விசிறிகளில் மண் எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். களி கீழே இறங்கிச் சேர்ந்த அடுக்கு உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதனால் நிலத்தின் வயது தெரிந்தால் குழிக்குள் எதை எதிர்பார்க்கலாம் என்பது பாதி தெரிந்த மாதிரி.

எந்த சேஜ்பிரஷ் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சேஜ்பிரஷில் மூன்று துணையினங்கள் பரவலாக உண்டு. பேசின் சேஜ்பிரஷ் ஆழமான, நீர் நன்றாக வடியும் மண்ணில் ஆளுயரத்துக்கும் மேல் வளரும். வயோமிங் சேஜ்பிரஷ் அதைவிடக் குட்டை, வறண்ட, வெப்பமான தாழ்நிலத்துக்காரி. மலை சேஜ்பிரஷ் உயரமான, ஈரமான இடங்களில். இலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டு, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் மலை சேஜ்பிரஷின் சாறு பளிச்சென்று நீலமாக ஒளிரும். மண்ணைத் தோண்டாமலே கிடைக்கும் நல்ல துப்பு இது. இவை தவிர, குட்டை சேஜ்பிரஷ் என்ற தனி இனம் கண்ணில் பட்டால் வேர் இறங்க முடியாத களியோ கெட்டி அடுக்கோ மிக அருகில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். துப்பு என்றுதான் சொல்கிறேன். செடியைப் பார்த்து மண்ணுக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

மேல் ஐந்து சென்டிமீட்டர்

இங்கேதான் நிதானம் வேண்டும். பலரும் இதை மிதித்துவிட்டுத்தான் குழிக்குள் இறங்குகிறார்கள்.

இடைவெளியில் மண்டியிட்டு உட்காருங்கள். தரையில் கருமையாக, சொரசொரப்பாக, சின்னச் சின்ன மேடுபள்ளங்களோடு ஏதாவது தெரிகிறதா? அது உயிர் ஓடு. சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மண் துகள்களைப் பின்னிப் பிடித்து வைத்திருக்கும். கத்தி நுனியால் ஒரு சிறு துண்டை மெதுவாகத் தூக்கினால், அடியில் மணல் துகள்கள் நூலில் கோத்த மாதிரி தொங்கும். காற்றும் மழையும் மண்ணைக் கொண்டுபோகாமல் காப்பது இதுதான். ஒரு காலடி மிதித்தால் உடைந்துவிடும், திரும்ப வளர ஆண்டுக்கணக்காகும். அதனால் குழிக்குப் போக வர ஒரே ஒற்றையடித் தடத்தைப் பயன்படுத்துங்கள்.

உயிர் ஓடு இல்லாத இடத்தில் வெளிறிய கெட்டி ஓடு இருக்கும். அதில் உள்ளங்கை அளவு ஒரு பலகையைப் பெயர்த்து, ஓரத்தை உடைத்து லென்ஸில் பாருங்கள். ஆப்பத்தைப் பிட்டால் தெரியுமே, அந்த மாதிரி உருண்டையான நுண்குமிழிகள் நிறைந்திருக்கும். ஆனால் ஒரு குமிழிக்கும் அடுத்த குமிழிக்கும் வழி இருக்காது. காற்றில் வந்து படிந்த புழுதி மழையில் நனைந்து மேலே மூடிக்கொள்ள, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று விரிந்து குமிழியாகி, காய்ந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. இது நூற்றுக்கணக்கான தடவை நடந்திருக்கும். வழியில்லாத குமிழி என்பதால் தண்ணீர் இறங்காது.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகரக் குவளையைப் புதருக்கு அடியில் சற்று அழுத்தி நட்டு, அளந்த தண்ணீரை ஊற்றி, இறங்கும் நேரத்தைக் கணக்கெடுங்கள். அதே அளவை இடைவெளியில் ஊற்றுங்கள். புதரடியில் உறிஞ்சிக்கொள்ளும், இடைவெளியில் தேங்கி நிற்கும். மழை வரும்போது இடைவெளியில் ஓடும் நீர் புதருக்குப் போய்ச் சேர்கிறது. இந்த வறண்ட நிலம் தன் நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது.

கீழே இறங்குதல்: நிறம், கை, அமிலம்

சுவரை மேலிருந்து கீழாகக் கத்தி நுனியால் கொத்திக்கொண்டே வாருங்கள். மண்வெட்டி தேய்த்த வழவழப்பு போய் உண்மையான கட்டமைப்பு தெரியும். கத்திக்கு வரும் எதிர்ப்பு மாறும் இடங்களில் ஒரு குச்சியைச் செருகுங்கள். அடுக்கின் எல்லைகளைக் கண்ணுக்கு முன்னால் கை கண்டுபிடித்துவிடும்.

நிறத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும், காய்ந்த நிலையில் ஒன்று, நனைத்து ஒன்று. நேர் வெயிலில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். தாழ்நில சேஜ்பிரஷ் மண்ணின் மேலடுக்கு காய்ந்தால், மன்செல் குறியீட்டில் 10 ஒய்ஆர் 6/2 போன்ற வெளிறிய பழுப்புச் சாம்பலாகவும், நனைத்தால் அதைவிட இரண்டு படி கருத்தும் இருக்கும். இதில் நடுவில் வரும் எண்தான் ஒளிர்வளவு. அது காய்ந்தபோது 5, நனைந்தபோது 3 என்ற அளவைத் தாண்டாமல், போதுமான தடிமனும், 0.6 சதவீதமாவது கரிமமும் இருந்தால் அது மோலிக் மேலடுக்கு, மண் மோலிசால் என்ற கருத்த மேல்மண் கொண்ட வரிசைக்குப் போகக்கூடும். மலை சேஜ்பிரஷுக்குக் கீழே இதைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். 6 என்பது 5-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே நம் குழியில் இருப்பது ஆக்ரிக் மேலடுக்கு. ஒரு எண் வித்தியாசம் ஒரு வரிசையையே மாற்றிவிடும் என்பதால் அவசரப்படாதீர்கள்.

அடுத்து கை. ஒரு பிடி மண்ணை நனைத்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகத் தள்ளுங்கள். நறநறவென்றால் மணல், மைதா மாதிரி வழுக்கினால் வண்டல், நாடா நீளமாக வந்து விரலில் ஒட்டினால் களி. ஒரோவாடா மண்ணின் மேற்பகுதி காற்றில் வந்த நுண்மண்ணில் உருவானது, அதில் எரிமலைச் சாம்பல் நிறைய உண்டு. ஓரிகனில் இன்று கிரேட்டர் ஏரி இருக்கும் இடத்தில் மசாமா மலை சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது பறந்த சாம்பல் இந்த வட்டாரம் முழுக்கப் படிந்தது. காய்ந்த மண்ணை உள்ளங்கையில் தேய்த்து, ஊதிவிட்டு, லென்ஸில் வெயிலில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுகள் மினுமினுக்கும். இந்தக் கண்ணாடியை மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

பிறகு அமிலச் சொட்டு. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை ஒரு சொட்டு விட்டு, நுரைப்பதைக் குறியுங்கள். மேலே ஒன்றும் இருக்காது, அல்லது காதில் வைத்தால் மட்டும் கேட்கும் மெல்லிய சலசலப்பு. கீழே போகப் போக நுரை பொங்கும். மழையும் பனிநீரும் மேலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, நீர் தீர்ந்துபோகும் ஆழத்தில் விட்டுவிடுகின்றன. மழை குறையக் குறைய இந்த வெள்ளை அடுக்கு மேலே ஏறி வரும். கூழாங்கல் கிடைத்தால் எடுத்துத் திருப்புங்கள். மேற்புறம் சுத்தமாகவும் அடிப்புறம் வெள்ளைப் பூச்சோடும் இருக்கும், ஏனென்றால் நீர் கல்லின் அடியில்தான் தொங்கி நின்று காய்கிறது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் சுக்கான்கல் பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி.

ஒரு எச்சரிக்கை. பொங்கலாக நுரைத்தால் சுண்ணாம்பு அதிகம் என்று அர்த்தமாகாது. மிக நுண்ணிய துகளாக இருந்தால் கொஞ்சம் இருந்தாலும் பொங்கும். கால்சிக் அடுக்கு என்று எழுத வேண்டுமானால் பொதுவாக 15 செ.மீ. தடிமனும் 15 சதவீத கால்சியம் கார்பனேட்டும் வேண்டும், கூடவே அது கீழடுக்கைவிட 5 சதவீதமாவது கூடுதலாகவோ, படிந்து சேர்ந்த சுண்ணாம்பு என்று கண்ணால் அடையாளம் காணக்கூடியதாகவோ இருக்க வேண்டும். 15 சதவீதம் என்பதை ஆய்வகம்தான் உறுதிப்படுத்தும். மாதிரியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உடையாத கட்டிகள்

அரை மீட்டரைத் தாண்டியதும் கத்தி அங்கங்கே டொக்கென்று முட்டும். கல் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். காய்ந்த களிக்கட்டியா, சுண்ணாம்புக் கட்டியா, சிலிக்காக் கட்டியா என்று பிரித்தறிவது இந்த மண்ணின் பெயருக்கே முக்கியம்.

காய்ந்த கட்டியை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு வையுங்கள். களியாக இருந்தால் சிறிது நேரத்தில் கரைந்து சேறாகும். அப்படியே இருந்தால் அமிலத்தில் போடுங்கள். சுண்ணாம்பு பிடித்து வைத்திருந்தால் நுரைத்து உதிரும். நுரை அடங்கிய பிறகும் கட்டி கட்டியாகவே கிடந்தால் அதைப் பிணைத்திருப்பது சிலிக்கா. அதுதான் ட்யூரினோடு. சிலிக்கா எங்கிருந்து வந்தது? லென்ஸில் மினுமினுத்த அந்த எரிமலைக் கண்ணாடி எளிதில் சிதைந்து சிலிக்காவை நீரில் விடும், அது சுண்ணாம்பு மாதிரியே கீழே இறங்கிக் காய்ந்து இறுகும். மேலே பார்த்த சில்லும் கீழே பார்த்த கட்டியும் ஒரே கதையின் இரண்டு முனைகள்.

100 செ.மீ.க்குள், 15 செ.மீ. தடிமனுள்ள ஒரு அடுக்கில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட கட்டிகள் இருந்தால் பெயரில் ட்யூரினோடிக் வரும். ஈரமாக இருக்கும்போதும் அந்த அடுக்கு உறுதியாக, நொறுங்கும் தன்மையோடு இருந்தாலும் வரும். கட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தொடர்ச்சியான பாறைத் தகடாகி, கடப்பாரையே எகிறினால் அது ட்யூரிபேன், அப்போது மண்ணின் குடும்பமே வேறு.

பெயருக்கு வருவோம்

வகைப்பாடு ஆறு படிகள் கொண்டது: வரிசை, துணைவரிசை, பெருங்குழு, துணைக்குழு, குடும்பம், தொடர். ஆரிடிசால் என்று வந்துவிட்டால் துணைவரிசையை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் தேட வேண்டும், அந்த ஒழுங்கை மாற்றக் கூடாது. மிகக் குளிர்ந்த மண்ணா? அப்படியானால் கிரையிட். இல்லையென்றால் உப்பு மிகுந்த அடுக்கு உண்டா, சாலிட். ட்யூரிபேன் உண்டா, ட்யூரிட். ஜிப்சம் அடுக்கு, ஜிப்சிட். களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு, ஆர்ஜிட். கால்சிக் அடுக்கு, கால்சிட். இவை எதுவும் இல்லையென்றால் கடைசியாகக் காம்பிட். பட்டியலில் முதலில் பொருந்துவதோடு நின்றுவிட வேண்டும். களி அடுக்கும் இருக்கிறது, சுண்ணாம்பு அடுக்கும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது ஆர்ஜிட்தான், சுண்ணாம்பு எவ்வளவு வெள்ளையாகக் கண்ணைப் பறித்தாலும்.

களி அடுக்கா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மேலடுக்கில் களி 15 முதல் 40 சதவீதம் என்றால் கீழே 1.2 மடங்கு இருக்க வேண்டும். 15-க்குக் குறைவென்றால் 3 சதவீதம் கூடினால் போதும். அதோடு களி மேலிருந்து இறங்கி வந்ததற்கான சாட்சியும் வேண்டும். மண்கட்டிகளின் முகத்தில் மெழுகு பூசிய மாதிரி மினுமினுக்கும் படலம் லென்ஸில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரோவாடாவில் அப்படி இருக்காது. வெள்ளம் கொண்டுவந்த மெல்லிய அடுக்கடுக்கான கோடுகள் அழிந்து, மண் லேசாகப் பழுப்பேறி, தளர்ந்த கட்டமைப்போடு நிற்கும். இளம் மண் மாறத் தொடங்கியதன் அடையாளமான அந்த அடுக்குதான் காம்பிக். குறிப்பேட்டில் பி-டபிள்யூ என்று எழுதுவோம். சுண்ணாம்பு சேர்ந்தால் கே, சிலிக்காவுக்கு க்யூ, களிக்கு டி.

இனி அந்த மந்திரத்தைப் பின்னாலிருந்து பிரியுங்கள். "இட்ஸ்" என்றால் ஆரிடிசால். "காம்ப்" என்றால் காம்பிக் அடுக்கு மட்டும் கொண்டது. "ஹாப்லோ" என்றால் எளியது, வேறு விசேஷம் இல்லாதது. "செரிக்" என்றால் குளிர்காலத்தில் நனைந்து கோடையில் காயும் ஈர ஒழுங்கின் ஓரத்தில் நிற்பது. "ட்யூரினோடிக்" நம் கட்டிகள். "மெசிக்" என்றால் 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 டிகிரி செல்சியஸிலிருந்து 15-க்குள். "சூப்பர்ஆக்டிவ்" என்றால் களி குறைவாக இருந்தாலும் அந்தக் களி சத்துகளைப் பிடித்து வைப்பதில் கெட்டி. "மிக்ஸ்டு" என்றால் கலப்புக் கனிமங்கள். "கோர்ஸ்-லோமி" என்றால் 25 முதல் 100 செ.மீ. வரை களி 18 சதவீதத்துக்குக் குறைவு, மணல் போதுமான அளவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஐடஹோவின் ஸ்நேக் ஆற்றுச் சமவெளியில் போர்ட்நூஃப் மண்ணைப் பாருங்கள். எரிமலைக் குழம்புப் பாறை மேல் காற்று கொட்டிய நுண்மண். அதுவும் ட்யூரினோடிக் செரிக்தான், மெசிக்தான். ஆனால் சுண்ணாம்பு அடுக்கு வலுத்துவிட்டதால் ஹாப்லோகால்சிட். மணல் குறைந்து வண்டல் மிகுந்ததால் கோர்ஸ்-சில்ட்டி. இரண்டு பெயர்களையும் அருகருகே எழுதி வைத்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள், வகைப்பாடு எப்படி வேலை செய்கிறது என்பது ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

குழியில் பார்க்க முடியாத இரண்டு

வெப்ப ஒழுங்கும் ஈர ஒழுங்கும் ஒரு நாளில் பார்த்துச் சொல்லக்கூடியவை இல்லை. மண் இன்று காய்ந்திருக்கிறது, ஆகவே ஆரிடிக் (வறண்ட ஈர ஒழுங்கு) என்று எழுதும் குறிப்பேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆரிடிக் என்பதற்கு, மண் 5 டிகிரிக்கு மேல் இருக்கும் நாள்களில் பாதிக்கு மேல் குறிப்பிட்ட ஆழப்பகுதி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், 8 டிகிரிக்கு மேல் இருக்கும்போது தொடர்ந்து 90 நாள் ஈரம் நிற்கக் கூடாது. இது வழக்கமான ஆண்டுகளின் கணக்கு. வானிலைப் பதிவு, உயரம், செடிகள் இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். தோராயமாக, ஆண்டு மழை 300 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ஆரிடிக் பக்கம், மேலே போனால் செரிக் பக்கம். ஐடஹோவின் ரெனால்ட்ஸ் கிரீக் ஆய்வு நீர்ப்பிடிப்பில் 1960 முதல் அளந்து வருகிறார்கள். அங்கே அடிவாரத்தில் சுமார் 230 மி.மீ., உச்சியில் 1,100 மி.மீ.க்கு மேல். ஒரே மலைச்சரிவில் ஏறினாலே ஆரிடிசாலிலிருந்து மோலிசாலுக்குப் போய்விடலாம். வெப்பத்துக்குக் காற்றின் ஆண்டுச் சராசரியோடு ஒரு டிகிரி கூட்டிக்கொள்வது வழக்கம், 50 செ.மீ.யில் ஒரு உணரியைப் புதைத்து வைத்தால் இன்னும் நல்லது.

குளிர்காலத்தில் விழும் பனிதான் இந்த நிலத்தின் பெரிய சேமிப்பு. ஆவியாவது குறைவு என்பதால் உருகும் நீர் ஆழத்துக்கு இறங்கும். சேஜ்பிரஷின் வேர் அதைத் தேடிப் போகும், இரவில் ஆழத்து நீரை மேலே இழுத்துக் காய்ந்த மேல்மண்ணில் கசியவிடவும் செய்யும். ஆய்வாளர்கள் ரிச்சர்ட்ஸும் கால்ட்வெலும் 1987-இல் இதை இந்தச் செடியிலேயே அளந்து காட்டினார்கள்.

வெப்ப ஒழுங்கு, ஈர ஒழுங்கு என்ற இந்த இரண்டு சொற்களுக்காக நான் இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. சேஜ்பிரஷ் காடு எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் வர வேண்டும். அதற்குள் யூரேசியாவிலிருந்து வந்த சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் இடைவெளியை நிரப்பிவிடும், கோடைத் தொடக்கத்தில் காய்ந்து அடுத்த தீக்கு விறகாகும். மெசிக், ஆரிடிக் என்று பெயரில் உள்ள வெதுவெதுப்பான வறண்ட மண் இந்தப் புல்லுக்கு மிகவும் பிடித்த இடம், அங்கே பழைய காடு தானாக மீள்வது அரிது. அதைவிடக் குளிர்ந்த ஃப்ரிஜிட் மண், செரிக் ஈரம் என்றால் மீள நல்ல வாய்ப்பு. எரிந்த நிலத்தில் எங்கே விதை தூவப் பணம் செலவழிப்பது, எங்கே சும்மா விட்டுவைப்பது என்று முடிவெடுப்பவர்கள் உங்கள் பெயரில் உள்ள இந்தச் சொற்களைத்தான் பார்க்கிறார்கள். மெசிக் என்று எழுத வேண்டிய இடத்தில் ஃப்ரிஜிட் என்று எழுதினால், விதை விழ வேண்டிய நிலத்தில் விழாமல் போகும்.

குழியை மூடும் முன்

சுவரில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கிலோ மாதிரி, பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு மேலும் ஒரு சீட்டு. மாதிரியைக் கீழடுக்கிலிருந்து எடுக்கத் தொடங்குங்கள், மேல்மண் உதிர்ந்து கீழ் மாதிரியில் கலக்காது. இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, சரிவு, திசை, செடிகள் எல்லாம் குறித்தாயிற்றா என்று குழிக்குள் நிற்கும்போதே சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும் நிறம் எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்.

உங்கள் பெயரும் வரைபடத்தின் பெயரும் பொருந்தாமல் போனால் பதறாதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். பார்த்ததை அப்படியே எழுதி, எந்த அளவு எந்த வரம்பைத் தாண்டியது என்று பக்கத்தில் குறித்துக்கொடுங்கள். அப்புறம் அடிமண்ணை முதலில் தள்ளி மிதித்து இறுக்குங்கள், மேல்மண்ணைக் கடைசியில் பரப்புங்கள். தோண்டும் முன் தனியாக எடுத்து நிழலில் வைத்த உயிர் ஓட்டுத் துண்டுகளை மேல்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, புட்டியில் மீதமிருக்கும் தண்ணீரை அதன் மேல் தெளித்துவிட்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடங்கள்.